அண்ணியின் குண்டும் அண்ணனின் பெட்டியும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். எந்தக் கண்டத்தில் எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெருமுனை வரை ஒரு காரை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னால் மட்டும் பிரேக் எது, கிளட்ச் எது என்று குழம்பிவிடும். அண்ணி ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தார். ஒரு குப்பைத் தொட்டியும் பக்கத்து வீட்டு வேலியும் போனபிறகு, "தம்பி, நீங்க உக்காந்து வர்றதுக்குன்னே பொறந்தவங்க. அதையாவது ஒழுங்கா செய்யுங்க" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அதை ஒழுங்காகச் செய்துவருகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து வருவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணி திரைச்சீலை தைப்பவர். வீட்டு ஜன்னல், ஆஸ்பத்திரி ஜன்னல், பள்ளிக்கூட மேடை, எதுவானாலும் நேரில் போய் அளவெடுத்து, துணி காட்டி, தைத்து, தானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார். துணிச்சுருள், ஸ்டூல், துளை போடும் மிஷின், ஆளை விட நீளமான பித்தளைக் கம்பிகள், இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். அதனால் கல்யாணத்துக்கு முன்பே, ஒரு நாடகக் கொட்டகைக்கு மேடைத் திரை தைத்துக் கொடுத்த காசில் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டார். அதுதான் குண்டு. முன்னால் உருண்டை, பின்னால் உருண்டை, கூரையும் உருண்டை. துடைக்க ஆரம்பித்தால் எங்கே முடிப்பது என்று தெரியாது, துணி பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

அண்ணி வாங்கும்போதே அது கிழம். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெண்தான் காரை ஓட்டிவந்தார், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சொந்தக்காரர்கள் வெகுநாள் அதையே கண், காது, மூக்கு வைத்துப் பேசிச் சிரித்தார்கள். அண்ணன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனுக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. யாராவது பழைய கதவிலிருந்து உரிந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்பார்கள். அண்ணன் டப்பாவில் ஊற்றி, குச்சியால் கலக்கி, ஒரு தகட்டில் இழுத்து, காயவிட்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தலையை ஆட்டினால் நிறம் சரி. ஆட்டாவிட்டால், வந்தவர் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிச் சம்பாதித்துச் சேர்த்து, ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக ஒரு கார் வாங்கினார். அது பெட்டி. குண்டு பிறந்து ஒரு தலைமுறை கழித்துப் பிறந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மடித்து ஒட்டிய மாதிரி இருக்கும். சாம்பலில் கொஞ்சம் நீலம் விட்ட நிறம். அந்த நிறம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர், டெலிவரி எடுத்த அன்றே, "பச்சை ஒரு சொட்டு தூக்கலா இருக்கு" என்றார்.

இப்போது இரண்டுமே பழசாகிவிட்டன. ரோட்டில் நிறுத்தினால் இளவட்டங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அண்ணனும் அண்ணியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள். கார் என்று வந்தால் மட்டும் ஏழாம் பொருத்தம்.

"உன் குண்டு ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள நான் பெட்டியில போய் காய்கறி வாங்கிட்டு வந்துடுவேன்" என்பார் அண்ணன்.

"போவீங்க. நீங்க கதவை மூடுற சத்தத்துல ஏதோ டப்பா விழுந்துடுச்சுன்னு கடைக்காரர் ஓடிவருவார்."

"பிரேக் பிடிச்சா என்னுது நிக்கும்."

"என்னுதும் நிக்கும். கொஞ்சம் முன்னாடியே சொல்லி வைக்கணும், அவ்வளவுதான்."

உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் நானும் இதில் சாட்சி சொல்ல வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் குண்டு அதைப் பற்றிச் சற்று யோசித்து, மெதுவாகத் தலையாட்டும். பெட்டி அந்த நொடியே முதுகெலும்பிடம் போட்டுக் கொடுத்துவிடும். குண்டின் கதவு 'தொம்' என்று மூடும், பெட்டியின் கதவு 'டங்' என்று மூடும். திருப்பத்தில் குண்டு படுத்து எழுந்திருக்கும், பெட்டி விறைப்பாக நின்றபடியே திரும்பும். குண்டில் பித்தளைக் கம்பிகளை ஜன்னல் வழியாக நீட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும். பெட்டியில் பின்சீட்டை மடித்துவிட்டால் கம்பிகள் உள்ளேயே படுத்துக்கொள்ளும். அப்படி மடித்தால் எனக்கு இடம் இருக்காது என்பதால் இதில் நான் நடுநிலை வகிக்க முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் கியர். குண்டில் கியர்க்குச்சி ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும். கீழே தரை காலி. முன்சீட்டு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே மெத்தை, மூன்று பேர் உட்காரலாம். பெட்டியில் ஆளுக்கொரு சீட்டு. நடுவில் கியர், அதன் பின்னால் கைபிரேக். ஸ்டீயரிங் அடியில் இருக்கும் குச்சியைத் தட்டினால் வைப்பர் ஓடும். காலமெல்லாம் குண்டு ஓட்டிய அண்ணியின் கை பெட்டியிலும் அங்கேயேதான் போகும். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் ஒரு சாம்பல் கார் வைப்பரைப் போட்டுக்கொண்டு போனால், அண்ணி கியர் மாற்றப் பார்த்திருக்கிறார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

அண்ணனின் கண் ஒரேயடியாகப் போகவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் கடையில் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றிருக்கிறார். பிறகு முதலாளியிடம் போய், "இனிமே வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பெட்டியின் சாவியை அன்றைக்கே ஆணியில் மாட்டியாயிற்று. டாக்டர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். இப்போது அண்ணனுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்போதுகூட அண்ணி அழுது நான் பார்க்கவில்லை. வேலையை விட்ட மறுவாரமே, "வீட்டுல உக்காந்து சுவத்தோடவா பேசப்போறீங்க? எனக்கு டேப் பிடிக்க ஆள் வேணும், கிளம்புங்க" என்று குண்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அளவு நாடாவின் ஒரு முனையை ஜன்னல் மூலையில் விரலால் அழுத்திப் பிடிப்பார், அண்ணி மறுமுனையை இழுத்து அளவு சொல்வார். துணியைத் தடவிப் பார்த்து, "இது மெலிசு, பின்னால இன்னொரு துணி வச்சுத் தைக்கணும்" என்பார் அண்ணன். வீட்டுக்காரர்களிடம் சுவரின் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எந்தத் திரை ஒத்துவரும் என்று அரைமணி நேரம் வாதாடுவார். "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று கேட்டே கூப்பிட ஆரம்பித்தார்கள். போகும்போதும் வரும்போதும் குண்டின் முன்சீட்டில் இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டே போவார்கள். நீளக் கம்பி கொண்டுபோகிற நாட்களில் மட்டும் அண்ணி விடியற்காலையில் தனியாகப் பெட்டியை எடுத்துப் போய்ச் சாமானை இறக்கிவிட்டு வந்துவிடுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. ஒன்று, தெருவை அகலப்படுத்துகிறோம் என்று வந்து வீட்டு முன்பக்கத்துக் கார் ஷெட்டை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு காரைத்தான் நிறுத்த முடியும். இரண்டு, அண்ணியின் இடது முட்டி. வாழ்நாளெல்லாம் தையல் மிஷினை மிதித்த கால், குண்டின் கிளட்ச்சையும் மிதித்த கால். அந்தக் கிளட்ச்சை அமுக்க ஒரு ஆள் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். முட்டி வீங்கிவிட்டது. இந்தக் கிளட்ச்சை மிதித்தால் சீக்கிரமே நடக்கவும் முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆக, ஒரு கார் போக வேண்டும். எல்லோரும் பெட்டி இருக்கட்டும் என்றார்கள். பெட்டியின் கிளட்ச்சை விரலால்கூட அமுக்கலாம். தவிர, குண்டை வாங்க ஆள் தயாராக இருந்தார். பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிறவர். ஒரு வாக்கியத்தில் மூன்று தடவை 'ஒரிஜினல்' என்று சொல்வார் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பெயரே ஒரிஜினல்தான். "மேடம், ஒரு ஆணி மாத்தலை! எல்லாம் ஒரிஜினல்! இந்த ஒரிஜினல் வண்டியைக் கண்ணாடிக் கூண்டுல வச்சுப் பாத்துக்குவேன்" என்று குண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அண்ணி சட்டென்று பிடி கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு எந்தக் காருங்கறது பெரிசில்லை. அவரும் நானும் சேர்ந்து வேலைக்குப் போகணும். அது ஒண்ணுதான். அவர் வீட்டுல தனியா உக்கார்றதை என்னால பாக்க முடியாது. அதுக்கு எது சரிவரும்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். என் உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்ததே! உடனே விதிமுறை வகுத்தேன். ஒருநாள் குண்டு, மறுநாள் பெட்டி. இரண்டு நாளும் அதே சாலை, அதே சுமை, முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நீதிபதி.

குண்டு நாளில் அண்ணன் வாய் ஓயவில்லை. "ரொட்டிக்கடை தாண்டிட்டோமா? வாசனை வருது" என்றார். பாலத்தில் ஏறும்போது பழைய முதலாளி மாதிரியே பேசிக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அண்ணியின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டில் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து நின்றபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. நான் குண்டுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் பெட்டி. பள்ளங்களை விட்டுப் பார்த்தால் சுகமாகப் போயிற்று. அண்ணியின் முகத்தில் வலி இல்லை. வைப்பர் மட்டும் நினைத்துக்கொண்டு ஓடி நின்றது. அண்ணன் பேசவே இல்லை. கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, நேராக முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். தான் ஆசையாக வாங்கிய வண்டியின் எஞ்சின் சத்தத்தை இவ்வளவு நாள் கழித்து ரசித்துக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். என் மனம் நெகிழ்ந்துகூடப் போயிற்று. பூகோளம் படித்தவனின் புத்தி அவ்வளவுதான்.

"பெட்டிதான்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கேடா. பெட்டியே இருக்கட்டும்" என்றார் அண்ணன், நான் முடிப்பதற்கு முன்பே.

அண்ணி குண்டின் கூரையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரிஜினலுக்கு போன் செய்தார். வந்து எடுத்துப்போக நாள் குறித்தாயிற்று.

அதற்கு மறுநாள் காலை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. ஜலதோஷமாம். அடுத்த நாள் தலைவலி. அடுத்த நாள் ரேடியோவில் ஏதோ முக்கியமான நிகழ்ச்சி. பிறகு காரணமே சொல்லவில்லை. "நான் வரலம்மா, நீ போயிட்டு வா" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணி பெட்டியில் தனியாகப் போனார். நாடாவின் முனையை ஆணியில் மாட்டி அளவெடுத்ததில் ஒரு ஆஸ்பத்திரித் திரை ஒரு சாண் குட்டையாகிப்போயிற்று. இப்படி ஒரு தப்பு அண்ணியின் கையில் நடந்து நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலை தம்பி" என்றார் என்னிடம். "பேசவே மாட்டேங்கிறார். நீங்க கேட்டுப் பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணி வெளியே போனதும் நேரே போய் அண்ணனின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, உனக்கு என்னதான் வேணும்? உன் கார்தானே இருக்குது? அண்ணி ஒத்தையில அல்லாடறாங்க. நீ என்னடான்னா ரேடியோவுல வானிலை கேட்டுட்டு உக்காந்திருக்கே!"

அண்ணன் ரேடியோவை அணைத்தார்.

"கிட்ட வாடா" என்றார். "இன்னும் கிட்ட. தோளோட தோள் படற மாதிரி உக்காரு. இப்ப ரெண்டு கையையும் நீட்டி ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி பிடி."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"சோபாதானேடா, வேலியில மோதமாட்டே. பிடி. ஏதாவது ஒரு பக்கம் திருப்பு."

திருப்பினேன்.

"இடது" என்றார். மறுபடி திருப்பினேன். "வலது. ரொம்ப ஒடிக்கிறே." நான் வேண்டுமென்றே பிரேக்கை மிதிப்பது போலக் காலை அழுத்தினேன். "பிரேக்" என்றார், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே.

"எப்படி?"

"தோளுடா. கையைத் திருப்பறதுக்கு முன்னாடி தோள் அசையும். பிரேக் போடறதுக்கு முன்னாடி தோள் இறுகும். குண்டுல அவ தோளோட என் தோள் ஒட்டியிருக்கும். வளைவு வரப்போகுதுன்னு வண்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கண்ணு இல்லேங்கறதே ஞாபகம் வராது. பெட்டியில அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல கியர். திடீர்னு ஆளைத் தூக்கி எறியுது. எங்க போறோம், எப்ப நிக்கப்போறோம், எதுவும் தெரியலை. இருட்டுல யாரோ உருட்டி விடற மாதிரி இருக்குடா. அன்னைக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் கதவுக்கு மேல இருந்த பிடியை நான் விடவே இல்லை."

நான் கைகளை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, அதே தெருவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தாள். வயதான இரண்டு ஆண்கள் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து இல்லாத காரை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

"இதை அண்ணிகிட்ட சொல்லவேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா குண்டைத்தான் வச்சுக்குவா. அந்த முட்டியோட மிதிப்பா. எனக்கு வேலைக்குப் போகணும்தான், டேய், ரொம்பவே போகணும். அதுக்காக அவ காலை நான் ஒடிக்கவா? நீ சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அண்ணி திரும்பி வந்து பெட்டியை நிறுத்தியதுமே வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இதில் எனக்குத் துளிக்கூட வெட்கம் இல்லை.

அண்ணி கதவைத் திறந்து வைத்தபடி சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு, "இத்தனை நாளா என் தோளை வச்சா ஊரைப் பாத்துட்டிருந்தார்!" என்றார். உடனே கோபமும் வந்தது. "வாயைத் திறந்து சொன்னா என்ன? எனக்கு முட்டி போனா போகட்டும், இன்னொரு முட்டி இருக்கு."

என் மனைவி நல்ல யோசனை சொல்பவள். கிளட்ச்சே இல்லாத புதுக் கார் வாங்கலாமே என்றாள். அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாப் புதுக் கார்களிலும் இரண்டு சீட்டுக்கு நடுவில் கோப்பை வைக்க ஒரு திண்டு கட்டியிருக்கிறார்களாம். "தண்ணி குடிக்கறதுக்காக ஆளைப் பிரிச்சு வச்சிருக்கான்" என்று சலித்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் மெக்கானிக்கை வரவழைத்தார். ஸ்பானர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

"தம்பி, இந்தப் பெட்டியோட கிளட்ச் பெடலைக் கழட்டி குண்டுல வைக்க முடியுமா?"

ஸ்பானர் இரண்டு கார்களின் அடியிலும் படுத்துப் பார்த்தான். எழுந்து தலையைச் சொறிந்தான். "குண்டுல பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவுல இரும்புக் கம்பி இழுக்குதுக்கா. பெட்டியில எண்ணெய் தள்ளுது. அதான் லேசா இருக்கு. அந்த எண்ணெய்ச் சமாசாரத்தை இதுல மாட்டலாம். பிரேக்கையும் சேர்த்து மாத்தினா சொன்ன இடத்துல நிக்கும். ஆனா முன்தகட்டை அறுத்து ஓட்டை போடணும். அப்புறம் இது ஒரிஜினல் இல்லக்கா."

"நானும்தான் ஒரிஜினல் இல்லை. ரெண்டு பல்லு கட்டினது."

"பெட்டி அதோட முடிஞ்சுதுக்கா. பார்ட்ஸ் கிடைக்காது. திருப்பி ஓட்ட முடியாது."

அதைக் கேட்டுத்தான் அண்ணி தயங்கினார். பெட்டி அண்ணனுடையது. உள்ளே போய், என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். அண்ணன் நான் செருமிய பக்கம் திரும்பி, "உன்னைப் போய் நம்பினேன் பாரு" என்றார். பிறகு அண்ணியிடம், "உன் முட்டி?" என்று கேட்டார்.

"உங்க பெட்டியோட காலை குண்டுக்கு வச்சுட்டா என் முட்டி பிழைச்சுக்கும். ஆனா பெட்டி போயிடும்ங்க. நீங்க பாத்துப் பாத்து வாங்கினது."

அண்ணன் எழுந்து வெளியே வந்தார். பெட்டியின் முன்மூக்கிலிருந்து ஆரம்பித்து, பக்கவாட்டுக் கோட்டின் மேலேயே உள்ளங்கையை வைத்து நடந்தார். பின்விளக்கு வரை போனார். அங்கே விளக்கின் விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினார்.

"எப்படிப் பாத்தாலும் பச்சை ஒரு சொட்டு தூக்கல்தான்" என்றார். "அறுங்கப்பா."

ஸ்பானர் வேலையை ஆரம்பித்தான். ஒரிஜினலிடம் விற்கவில்லை என்று சொல்ல அண்ணி மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். குறித்த நாளில் மனிதர் இழுவை வண்டியோடு வந்து நின்றார். குண்டின் மூக்கு திறந்து கிடந்தது. ஸ்பானர் முன்தகட்டில் துளை போட, நெருப்புப்பொறி பறந்தது. ஒரிஜினல் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்! ஓட்டை! ஓட்டை போடுறாங்க!"

"ஆமா சார், ஓட்டை போட்டாத்தானே குழாய் போகும்."

"இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? இனிமே இதை எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்கமாட்டாங்கல்ல? அப்ப நல்லதாப்போச்சு" என்று சொல்லி, அவர் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார் அண்ணி. ஒரிஜினல் உட்கார்ந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், பெட்டியிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டுகளை ஸ்பானர் குண்டின் நீளச் சீட்டில் மாட்ட எடுத்தபோது தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டார். நல்ல மனிதர்தான். போகும்போது குண்டின் கைப்பிடியை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போனார்.

வேலை முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பெட்டியின் உடம்பை ஸ்பானரே இழுத்துக்கொண்டு போனான். அண்ணன் அன்றைக்கு வெளியே வரவில்லை, அண்ணியும் கூப்பிடவில்லை. குண்டை ஓட்டிப் பார்த்த அண்ணி, "முட்டிக்குக் கிளட்ச் இருக்கறதே தெரியலை" என்றார். எனக்கு மனதில் வேறு பயம். இவ்வளவு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், பெட்டியையும் கொடுத்துவிட்டவர், நாளைக்குக் கிளம்புவாரா? வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டால் அது ஆளை விடாது. அண்ணிக்கும் அதே பயம் என்பது முகத்தில் தெரிந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை என்ன நடக்கிறதென்று பார்க்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அண்ணி உள்ளே குண்டூசிப் பெட்டியைக் காணோம் என்று அலமாரிகளை உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. குளியலறையில் இல்லை. படுக்கையறையிலும் இல்லை. எனக்குத் திக்கென்றது.

வெளியே குண்டின் ஹாரன் ஊரைக் கூட்டியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அளவு நாடாவுமாக முன்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, எட்டி ஸ்டீயரிங்கைத் தடவிப் பிடித்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்? ஜன்னல்காரங்க காத்துட்டிருக்கமாட்டாங்களா? ஒருநாளாவது நேரத்துக்குக் கிளம்பறியா நீ?"

"வந்துட்டேங்க, வந்துட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்த அண்ணி, குண்டூசிப் பெட்டி இல்லாமலேயே, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினார்.